பதில் முந்தி, கேள்வி பிந்தி

அபிராமபுரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “எங்கள் பிளாட் வாட்ஸ்அப் குழுவில் தண்ணி லாரி பற்றிப் பேச்சு சூடுபிடித்தால், சில சமயம் பதில் மேலே நிற்கிறது, கேள்வி அதற்குக் கீழே வந்து சேர்கிறது. எல்லா போனிலும்தான் கடிகாரம் இருக்கிறதே, நேரப்படி அடுக்கினால் என்ன?”

யாருடைய கடிகாரப்படி என்பதுதான் சிக்கல். குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு நாளில் ஒன்றேமுக்கால் வினாடி தள்ளிப்போகும். போன்கள் அவ்வப்போது இணையத்தைக் கேட்டு நேரத்தைத் திருத்திக்கொள்கின்றன. இணைப்பு இல்லாத போனுக்கு அந்த வழியும் கிடையாது. கடிகாரமெல்லாம் சரியாக இருந்தாலும், லிஃப்டுக்குள் நின்றபடி அனுப்பிய கேள்வி, கதவு திறந்து சிக்னல் கிடைத்த பிறகுதான் கிளம்பும். எழுதிய நேரம், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் என்று மூன்று இருக்கின்றன.

கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த முடிச்சை அவிழ்த்தது. மணி என்ன என்று பார்க்க வேண்டாம், எந்தச் சேதி எந்தச் சேதிக்குக் காரணமாக இருந்திருக்க முடியும் என்று பாருங்கள் என்றார். சிறப்புச் சார்பியலில் வரும் எண்ணம்தான் இது. தொலைவில் நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகளில் எது முதலில் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை இல்லாமல் போகலாம். ஆனால் ஒன்றின் சேதி மற்றொன்றை எட்டியிருந்தால் அந்த முன்பின் யாருக்கும் மாறாது.

ஒரு கல்யாண ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூரில் அத்தை, மாம்பலத்தில் பெரியப்பா, அடையாற்றில் சித்தப்பா. மூவரும் கடிதத்திலேயே பேசுகிறார்கள், வீட்டில் கடிகாரம் இல்லை, ஆளுக்கொரு நோட்டு உண்டு. விதி இரண்டுதான். கடிதம் எழுதும்போது நோட்டில் உள்ள எண்ணோடு ஒன்று கூட்டிக் கடிதத்தின் தலையில் போட வேண்டும். கடிதம் வந்தால், அதன் எண்ணையும் தன் எண்ணையும் ஒப்பிட்டு, பெரியதோடு ஒன்று கூட்டி நோட்டில் குறிக்க வேண்டும்.

அத்தையின் நோட்டில் 7. “மண்டபம் எது?” என்று இருவருக்கும் எழுதுகிறார், கடிதத்தின் எண் 8. பெரியப்பாவின் நோட்டில் அதுவரை 2. கடிதம் வந்ததும் அது 9 ஆகிறது. “தேனாம்பேட்டையில் பேசியாச்சு” என்ற அவருடைய பதிலுக்கு 10. சித்தப்பாவுக்கு 10 முதலில் வருகிறது, 8 மறுநாள் வருகிறது. அவர் குழம்பத் தேவையில்லை, எண்ணைப் பார்த்து அடுக்கினால் போதும். பதிலின் எண் கேள்வியின் எண்ணைவிடச் சிறியதாக இருக்கவே முடியாது. இரண்டு வரி விதிக்குள் இவ்வளவு அடங்கியிருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் எண் சிறியது என்பதாலேயே அது முன்னால் எழுதப்பட்டது என்று ஆகிவிடாது. சித்தப்பா தன்போக்கில் “நாதஸ்வரத்துக்கு முன்பணம் கொடுத்துட்டேன்” என்று 4 எண் போட்டு எழுதியது, அத்தையின் 8க்குப் பிறகாகவும் இருக்கலாம். இந்தக் குறையை 1988இல் கணினி ஆய்வாளர்கள் ஃபிட்ஜும் மாட்டெர்னும் தனித்தனியே தீர்த்தார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் மூன்று எண்கள்: அத்தை எழுதியதில் எத்தனை பார்த்தேன், பெரியப்பாவுடையதில் எத்தனை, சித்தப்பாவுடையதில் எத்தனை. இப்போது பெரியப்பாவின் கடிதம் “அத்தையின் ஐந்து கடிதம் பார்த்தேன்” என்கிறது, சித்தப்பாவிடம் நான்குதான் இருக்கிறது என்றால், இன்னொன்று வழியில் இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும். அது வரும்வரை பெரியப்பாவின் பதிலைப் பிரிக்காமலே வைத்திருக்கலாம். பெரியப்பாவும் வேறொரு நாதஸ்வரக் கோஷ்டிக்கு முன்பணம் கொடுத்திருந்தால், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது என்பதை எண்களே காட்டிவிடும். எந்தக் கோஷ்டி வாசிப்பது என்பதை மட்டும் மூவரும் கூடித்தான் பேச வேண்டும்.

விலையும் உண்டு. மூவருக்கு மூன்று எண் என்றால், இருநூறு பேர் குழுவில் ஒவ்வொரு சேதிக்கும் இருநூறு எண். அதனால் பல செயலிகள் நடுவில் ஒரு சர்வரை வைத்து, வந்த வரிசையில் எண் போட்டுவிடுகின்றன.

வரலாறு சுருக்கமாக: 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யூஸ்நெட் என்ற சேதிப் பரிமாற்ற வலைக்கு வித்திட்டார்கள், கணினிகள் தொலைபேசியில் ஒன்றையொன்று அழைத்துச் சேதிகளைக் கைமாற்றின. பதில் முந்தி, கேள்வி பிந்தி வருவது அங்கேயும் உண்டு. லாம்போர்ட்டுக்கு கணினித் துறையின் 2013ஆம் ஆண்டு டியூரிங் விருது கிடைத்தது.

வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதைச் சென்னை 2015 டிசம்பரில் பார்த்தது. டிசம்பர் 1 அன்று பெய்த மழை, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. அடையாறு கரைபுரண்டது, மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் பல செயலிழந்தன. “கோட்டூர்புரத்தில் முதல் மாடியில் வயதானவர்கள், படகு வேண்டும்” என்பது போன்ற சேதிகள், ஆட்களை மீட்ட பிறகும் புதுச் சேதிபோலச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒருவர் நகலெடுத்து அனுப்பும்போது அனுப்பிய நேரம்தான் ஒட்டிக்கொள்கிறது, முதலில் எழுதிய நேரம் உதிர்ந்துவிடுகிறது. “மீட்டாச்சு” என்ற சேதி தனியே வேறொரு குழுவில் நின்றது. இரண்டையும் முடிச்சுப் போட ஒன்றுமில்லை. குறிப்பிட்ட சேதியைச் சுட்டிப் பதில் எழுதும் வசதியே வாட்ஸ்அப்பில் 2016இல்தான் வந்தது. தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணாகப் போன் போட்டு விசாரிக்க வேண்டியிருந்தது.

குழுவில் நடந்ததையெல்லாம் செயற்கை நுண்ணறிவு ஒழுங்குபடுத்திச் சுருக்கித் தரும் என்று இப்போது விளம்பரங்கள் வருகின்றன. சுருக்கித் தரட்டும். ஆனால் எந்தச் சேதியைப் பார்த்த பிறகு எது எழுதப்பட்டது என்ற குறிப்பே தரவில் இல்லாதபோது, அது தருகிற வரிசை ஊகம்தான். வெள்ளத்தில் ஊகத்தை நம்பிப் படகை அனுப்ப முடியாது. தேவைப்படுவது மிகச் சிறியது: முதல் சேதியின் அடையாள எண்ணும் எழுதிய நேரமும் நகலோடு கூடவே போக வேண்டும், சில பைட்டுகள்தான். 2018இல் வாட்ஸ்அப் சேர்த்த ‘ஃபார்வர்டட்’ என்ற குறி, சேதி கைமாறி வந்தது என்பதைச் சொல்கிறது. முதலில் எப்போது எழுதப்பட்டது என்பதைச் சொல்வதில்லை.