பயிர்க்காவல் துப்பாக்கி: குழல் சுத்தமாக இருந்தால்தான் குறி தவறாது

பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்று, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா? சுட்டு முடித்ததும் குழலில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மூலையில் சாய்த்துவிடாதீர்கள். மழையில் நனையாத குழலும் இப்படித்தான் துருப்பிடிக்கிறது. காரணம், உள்ளே தங்கும் மருந்துக் கழிவு.

ஏன் துருப்பிடிக்கிறது?

கரிமருந்தில் சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் உள்ளது. வெடித்தபின் உப்பும் கரியும் குழலில் படியும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. மேலே மூடி நிற்கும், அடியில் துரு அரிக்கும். குழிவிழுந்த குழலில் கரி மேலும் ஒட்டுவதால் குறி விலகும். குழல் மெலிந்தால் சுடும்போது பிளந்து கையும் முகமும் சிதையலாம்.

சுட்ட அன்றே செய்ய வேண்டியவை

1. முதலில் துப்பாக்கி காலியா என்று பாருங்கள். காலிக் குழலில் கம்பியை அடிவரை விட்டு, வாய்மட்டத்தில் கம்பியில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிறகு எப்போது விட்டாலும் கோடு வாய்க்கு மேலே நின்றால், உள்ளே மருந்தோ அடைப்போ இருக்கிறது. கேப்பை எடுத்துவிட்டு, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரை அணுகுங்கள். நீங்களே நோண்ட வேண்டாம்.

2. சோப்பு கலந்த வெந்நீரில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றி, குழலை நன்றாகக் கழுவுங்கள். கேப் பொருத்தும் துளையையும் கழுவ வேண்டும்.

3. துணி வெள்ளையாக வரும்வரை உலர்ந்த துணியால் துடையுங்கள். குழல் முழுதாகக் காய்ந்தபின் மெல்லியதாக எண்ணெய் பூசுங்கள்.

4. மரக்கம்பி அல்லது பித்தளைக் கம்பி போதும். இரும்புக் கம்பி குழலைக் கீறும். கம்பி குழல்வாயின் விளிம்பில் உரசாமல் நேராகச் செல்ல வேண்டும். விளிம்பு தேய்ந்தால் குண்டு ஒருபக்கம் ஒதுங்கும்.

தோட்டாத் துப்பாக்கியாக இருந்தால், பின்பக்கத்திலிருந்து வெண்கலப் பிரஷ் விட்டு, அதற்கான கரைப்பான் கொண்டு ஈயப் படிவத்தையும் பிளாஸ்டிக் படிவத்தையும் நீக்குங்கள்.

வைக்கும்போதும் எடுக்கும்போதும்

துணியுறை, தோலுறைக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். உலர்ந்த இடத்தில், பூட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் முன்பும், திரும்பப் பெற்ற பின்பும் சுத்தம் செய்து எண்ணெய் பூசுங்கள்.

பயன்படுத்தும் முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் மருந்து நமத்துப்போகும், முதல் வெடி பிசகும். குழலில் குளவிக்கூடோ மண்ணோ இருந்தால் சுடவே கூடாது. வீக்கம், வெடிப்பு தெரிந்தாலும் அப்படியே.

சட்டம் நினைவிருக்கட்டும்

ஆயுதச் சட்டம் 1959-ன்படி பெறும் உரிமம் மட்டும் வனவிலங்கைச் சுடுவதற்கு அனுமதி ஆகாது. காட்டுப்பன்றியோ வேறு வனவிலங்கோ பயிரை அழித்தாலும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அனுமதியின்றிச் சுடுவது குற்றம். சேதம் ஏற்பட்டால் உடனே வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். உரிமத்தைக் காலாவதியாகும் முன்பே புதுப்பித்து வையுங்கள்.