மணிலா அகத்தியும் தாவும் மரபணுத் துண்டும்

காவிரிப் படுகையில் நடவுக்கு முன் பசுந்தாள் உரத்துக்காக விதைக்கப்படும் செடிகளில் தக்கைப்பூண்டு எல்லோரும் அறிந்தது. அதன் உறவான மணிலா அகத்திக்கு வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முடிச்சு உண்டு. ஆகவே வயலில் தண்ணீர் கட்டி நின்றாலும் காற்றிலுள்ள நைட்ரஜன் தழைச்சத்தாக மாறுவது நிற்பதில்லை. தண்டில் வரிசையாகப் புடைத்திருக்கும் பச்சை முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே சிவப்பு தெரியும். அங்கே குடியிருப்பது அசோரைசோபியம் காலினோடன்ஸ் என்ற பாக்டீரியா.

முடிச்சு போடவைக்கும் மரபணுக்கள் இந்தப் பாக்டீரியாவில் ஒரே துண்டில், சுமார் 87,600 கார இணைகள் நீளத்துக்கு, அமைந்திருக்கின்றன. அந்தத் துண்டு குரோமோசோமிலிருந்து கழன்று, வட்டமாகி, அண்டையிலிருக்கும் வேறு பேரினப் பாக்டீரியாவுக்குள்ளும் போய்ச் செருகிக்கொள்ளும். பெற்றுக்கொண்ட பாக்டீரியாவுக்கு இது வரவா, செலவா? செடி பக்கத்தில் இருந்தால் வரவு: முடிச்சுக்குள் உணவும் காவலும் கிடைக்கும், அங்கே பெருகி, முடிச்சு அழுகியதும் மண்ணுக்குத் திரும்பலாம். செடி இல்லாத மண்ணில் அது வெறும் சுமை. ஒவ்வொரு முறை பிரியும்போதும் அத்தனை நீளத்தையும் படியெடுத்தாக வேண்டும்.

இதில் வியப்பானது, தாவும் நேரத்தில் செடிக்கும் பங்கிருப்பது. வேர் கசியவிடும் ஃபிளாவனாய்டுகள் முடிச்சு மரபணுக்களை எழுப்புபவை. அவையே தாவலையும் தூண்டுகின்றன என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவற்றை உணரும் அஹாஆர் என்ற புரதத்துக்கான மரபணு, தாவும் துண்டிலேயே இருக்கிறது. மேட்டூர் அணை திறக்கும் சேதி வந்தபின் நாற்றங்கால் விடுகிற குடியானவரின் கணக்குதான் இதுவும்: பலன் கிடைக்கும் இடத்தில், கிடைக்கும் வேளையில் தாவல் மிகுகிறது.

இப்படிப்பட்ட தாவல் வயல்களிலும் நடந்திருக்கிறது. நியூசிலாந்தில் லோட்டஸ் என்ற தீவனப் பயிருக்கு ஒரே ஒரு பாக்டீரியா வகையைக் கலந்து விதைத்தனர். ஏழு ஆண்டுக்குப் பின் பார்த்தபோது, உள்ளூர் மண் பாக்டீரியாக்கள் பல அதன் முடிச்சு மரபணுக்களோடு இருந்தன. ஆஸ்திரேலியாவில் இப்படித் துண்டைப் பெற்ற சில பாக்டீரியாக்கள் முடிச்சுப் போட்டும் நைட்ரஜனைச் சரிவரத் தரவில்லை. பாக்டீரியாவுக்கு ஆதாயம், பயிருக்கு நட்டம்.

யூரியா மூட்டையை நம்பிப் பசுந்தாள் விதைப்பையே கைவிடும் வயலில் முடிச்சு மரபணுக்களுக்கு வேலையே இல்லை. விதைக்கிறவர்களும் உயிர் உரப் பொட்டலத்தைக் கலந்ததோடு கடமை முடிந்ததென்று விட்டுவிடக் கூடாது. பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதற்கு முன் நாலைந்து செடியைப் பிடுங்கி முடிச்சுகளை அறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிவந்திருந்தால் நைட்ரஜன் கிடைக்கிறது, நல்லது. வெளுத்திருந்தால் அடுத்த பட்டத்துக்கு வேறு பாக்டீரியா வகை கொண்ட உயிர் உரம் கேட்டு வாங்குங்கள்.