வயித்தோட்டத்துக்கு உப்பும் சீனியும் ஏன்?

எல்ல பக்கத்துத் தோட்டங்களில் மழைக்குப் பீலித் தண்ணி கலங்கும் நாட்களில் பிள்ளைகளின் வயிற்றைக் கவனிக்க வேண்டும். "தண்ணி குடுத்தா இன்னும் கூடப் போகும்" என்று சிலர் குடிக்கக் கொடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அது உயிருக்கே ஆபத்து.

குடலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய கலங்கள்தான் சத்தையும் தண்ணீரையும் இரத்தத்தில் சேர்க்கின்றன. கொலரா போன்ற பற்றீரியாக்களின் நஞ்சு இக்கலங்களைத் தூண்டி, உடம்பின் உப்பையும் தண்ணீரையும் குடலுக்குள் கொட்ட வைக்கிறது. ஆனால் உப்பும் சீனியும் சோடியாக உள்ளே போக அதே கலங்களில் தனி வாசல் உண்டு. நஞ்சு அதை அடைப்பதில்லை. அவை போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும்.

1971இல் வங்காள அகதிகள் இருந்த பொன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இப்படிக் கரைத்த தண்ணீரைக் கொடுத்தார். கொலராவில் நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது.

நம்மிடம் கிடைக்கும் 'ஜீவனி'யும் அதுவே. பைக்கற்றில் சொன்ன அளவு கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் 1 லீற்றருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு கூடக் கூடாது. சீனி கூடினால் வயித்தோட்டமும் கூடும். இனிப்புத் தேத்தண்ணியில் உப்பு இல்லை, அது போதாது.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, இரத்தம் போனாலோ, பிள்ளை குடிக்க மாட்டாமல் சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வழியிலும் கொடுத்துக்கொண்டே போங்கள்.