ஹட்டன் மேடையில் ஒரு குரல்

ஹட்டனில் ஓட்டோக்களின் பின்பக்கம் பாடகர் பாப் மார்லியின் படம் ஒட்டப்பட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சே குவேராவுக்குப் பக்கத்தில், சில நேரம் முருகனுக்கும் பக்கத்தில். ஜமெய்க்காக்காரருக்கு நம் மலையில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் பழைய கணக்கு இருக்கிறது.

1837இல் இலங்கைக்கு வந்த ஆர். பி. டைட்லர் என்ற துரை, கோப்பி பயிரிடும் முறையை ஜமெய்க்காவில் கற்றுக்கொண்டு வந்தவர். மறு வருடமே அங்கு அடிமை முறை முழுதாக ஒழிந்தது. விடுதலையானவர்கள் தோட்டத்தை விட்டுப் போனார்கள். அந்தத் தீவின் கோப்பி சரிந்தது, கண்டி மலைகளில் கோப்பி ஏறியது. அதற்குக் கைகள் வேண்டியிருந்தன. மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழி நடந்த நம் முன்னோர் அந்தக் கைகள்தான். 1869இல் இலைநோய் வந்து கோப்பியைத் தின்றது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் இரண்டு வருடம் முன்பே நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, தொழிலாளர் குடியிருந்த லயம் மாறவில்லை.

தோட்டம் இருந்தால் பாட்டும் இருக்கும். ஜமெய்க்காவுக்கு மார்லி என்றால் மலையகத்துக்கு மீனாட்சி அம்மாள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஏனென்றால் ‘தேசபக்தன்’ கோ. நடேசய்யரின் மனைவி என்ற ஒரு வரியோடு அவரை முடித்துவிடுகிறோம்.

தஞ்சாவூர்க்காரரான நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தளமாகக்கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அன்று தோட்டம் துரையின் தனிச்சொத்து. வெளியார் கால் வைத்தால் அத்துமீறல். புடவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குள் போனவர் ஐயர். ‘தேசபக்தன்’ பத்திரிகையில் பெண்களின் உரிமை பற்றி எழுதிய மீனாட்சி அம்மாளோ, மேடையேறிப் பாடினார். பாரதியைப் பாடினார், ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் சொந்தமாகவும் கட்டிப் பாடினார்.

ஏன் பாட்டு? துண்டுப் பிரசுரத்தைக் கங்காணி பிடுங்கலாம், வாசிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. கேட்ட பாட்டை யார் பிடுங்குவது? காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நின்று, கூடையோடு மலையேறி, கொழுந்து பறிக்கும்போது அதை முணுமுணுக்கலாம். பாட்டுக்குப் பொருளும் கண்முன்னே இருந்தது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மேல்நாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நாட்கூலி நிர்ணயமானது. பெண்கள் கூட்டமாக நின்ற மலையில் அந்தப் பதினொரு சத வித்தியாசத்தை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருந்திருக்காது.

தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்து என்று மலையகத்தில் அதற்கு முன்பும் பாட்டுக்குப் பஞ்சமில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த நாட்டுப் பாடல்களில் கங்காணியை ஏசும் பாட்டும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் தங்களுக்குள் பாடிக்கொண்டவை. மீனாட்சி அம்மாள் அந்த முணுமுணுப்பை அரசாங்கத்துக்குக் கேட்கும்படி மேடைக்குக் கொண்டுவந்தார்.

மார்லியின் ‘ரிடெம்ப்ஷன் சாங்’ 1980இல் வந்தது. அதன் உயிரான கருத்து, ஜமெய்க்காவின் கறுப்பின உரிமைத் தலைவர் மார்கஸ் கார்வி 1937இல் ஆற்றிய உரையிலிருந்து எடுத்தது. ஒரு சொற்பொழிவு பாட்டாக மாற அங்கே 43 வருடம் பிடித்தது. நம் மேடையில் ஐயர் பேச, அம்மாள் பாட, இரண்டும் ஒரே மாலையில் நடந்தன.

1939இல் இலங்கை அரசாங்க வேலையிலிருந்த இந்திய நாட்கூலிகளை வெளியேற்றத் தொடங்கினார்கள். பதிலுக்கு இந்தியா, தொழிலாளர் இங்கு வருவதைத் தடுத்தது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். அதே வருடம் மீனாட்சி அம்மாளின் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. இலக்கியத் தராசில் நிறுத்துப் பார்ப்பவர்கள் ஏமாறலாம். அது காதுக்கு எழுதியது, அவசரத்தில் எழுதியது. காலம் அதிகம் மிச்சமில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது: 1947இல் ஐயர் மறைந்தார், 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

மலையகத் தொழிற்சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற மே தினத்தில், தலைவர்கள் பேசத் தொடங்குமுன், அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டை கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைப் பாடச் சொல்லுங்கள். ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே உட்காருங்கள்.