தாழ்ந்த கார் வாசல் மேட்டில் ஏன் உரசுகிறது?

மாணவர்களே, வீட்டு வாசல் மேட்டில் கார் ஏறும்போது அதன் அடிப்பாகம் ‘கரக்’ என்று உரசும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்பவருக்குப் பல் கூசும். ஓட்டுபவருக்கு நெஞ்சு பதறும். சில மாதங்களுக்கு எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் தினமும் இரண்டு முறை கேட்டது.

ஈப்போவுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த ஒரு தாமானில் நாங்கள் குடியிருக்கிறோம். பால்மரங்கள் போய்விட்டன, நிலத்தின் மேடு பள்ளம் போகவில்லை. கனமழை பெய்யும் ஊர் என்பதால் சாலையோரத்தில் கால்வாய் ஓடுகிறது. வீடு அதைவிட உயரத்தில் நிற்கிறது. ஆகவே சாலைக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் நடுவே குட்டையான, செங்குத்தான ஒரு சரிவு இருக்கிறது. என் தம்பி தன் மைவி காரின் ஸ்பிரிங்குகளை அறுத்து, பந்தயக் கார்போல் 5 சென்டிமீட்டர் தாழ்த்திக்கொண்டு வந்தான். அன்று தொடங்கியது அந்தச் சத்தம்.

“சரிவு ரொம்பச் செங்குத்து” என்றான் தம்பி. அதே காரில் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குப் போய் வந்தவன் அவன். அந்த மலைச்சாலையில் எவ்வளவு ஏற்றம்! ஆனால், கார் எங்கும் உரசவில்லையே, ஏன்?

ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். ஒரு கெட்டி அட்டையைச் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் விளையாட்டுக் காரை ஓட்டுங்கள். அட்டை எவ்வளவு சாய்ந்திருந்தாலும் காரின் அடிப்பாகத்துக்கும் அட்டைக்கும் உள்ள இடைவெளி மாறாது. இப்போது அட்டையை நடுவில் கூரைபோல் மடித்து, அந்த மடிப்பின்மேல் காரை ஓட்டுங்கள். வயிறு இடிக்கும். உரசலுக்குக் காரணம் சரிவு அல்ல. ஒரு சரிவு இன்னொன்றாக மாறும் அந்த மடிப்புதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

வாசலில் ஏறும் கார் மூன்று இடங்களில் மாட்டிக்கொள்ளலாம். முன்சக்கரம் சரிவின் அடியை நெருங்கும்போது, சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பம்பர் சரிவில் இடிக்கும். சரிவின் உச்சியைக் கடக்கும்போது, முன்சக்கரம் மேல்தளத்திலும் பின்சக்கரம் சரிவிலும் இருக்க, நடுவயிறு மடிப்பில் உட்காரும். பின்சக்கரம் சரிவில் ஏறத் தொடங்கும்போது, பின்பம்பர் சாலையைத் தொடும். முன்பின் சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகமானால் நடுவயிற்றுக்கு ஆபத்து அதிகம். தரையோடு தாழ்ந்த நீளமான டிரெய்லர் லாரிகள் மேடான ரயில் கடவைகளில் சிக்கிக்கொள்வதும் இதனால்தான்.

படிவம் 3இல் படிக்கும் திரிகோணமிதியை இங்கே பயன்படுத்தலாம். தம்பியின் காரில் முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர். அதில் பாதி 1.25 மீட்டர். தாழ்த்துவதற்கு முன் அதன் வயிற்றுப்பகுதி தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 0.15ஐ 1.25ஆல் வகுத்தால் 0.12. இதை டேன்ஜெண்ட் மதிப்பாகக் கொண்ட கோணம் ஏறக்குறைய 7 பாகை. மடிப்பின் இரு பக்கமும் சேர்த்து அதை இரட்டித்தால் 14 பாகை. அதாவது, 14 பாகை வரையுள்ள மடிப்பை அந்தக் கார் உரசாமல் கடக்கும். உயரம் 10 சென்டிமீட்டராகக் குறைந்தால்? 0.10ஐ 1.25ஆல் வகுத்தால் 0.08, கோணம் நாலரைப் பாகை, இரட்டித்தால் 9 பாகைதான்.

எங்கள் வாசலைக் கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியால் அளந்தேன். 12 பாகை. முன்பு தப்பிய கார் இப்போது ஏன் மாட்டிக்கொண்டது என்பது புரிகிறதா? வெறும் 5 சென்டிமீட்டர்தான் வித்தியாசம்.

அப்படியானால் விளையாட்டுக் கார்களை ஏன் தாழ்வாகச் செய்கிறார்கள்? அழகுக்கு மட்டுமல்ல. கார் வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் தாழ்வாக இருந்தால் அந்த மாற்றம் குறையும். நான்கு சக்கரங்களும் சாலையை நன்றாகப் பிடிக்கும். 1999 முதல் 2017 வரை செப்பாங்கில் ஓடிய ஃபார்முலா 1 கார்கள் தரையை ஒட்டி ஓடியதற்கு, அடிப்பாகத்தில் பாயும் காற்றைப் பயன்படுத்துவதும் ஒரு காரணம். ஆனால், செப்பாங் பந்தயத் தடத்தில் வாசல் மேடும் இல்லை, கால்வாயும் இல்லை!

இனி, உரசாமல் ஏறுவது எப்படி என்று பார்ப்போம். இதில் எனக்கு முன்பே பாடம் எடுத்தவர் என் அப்பா. இளமையில் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒருநாள் வாசலில் நின்று தம்பியைப் பார்த்துச் சொன்னார்: “நேரா ஏத்தாதடா, சாய்ச்சு ஏத்து. பால் தகரத்தை சைக்கிள்ல கட்டிக்கிட்டு மேட்டுல நாங்க அப்படித்தான் வளைஞ்சு வளைஞ்சு ஏறுவோம்.”

அப்பா சொன்னதைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 12 பாகைச் சரிவில் 45 பாகை சாய்வாக ஏறினால், கார் போகும் திசையில் உள்ள சரிவு ஏறத்தாழ எட்டரைப் பாகைதான். தம்பியின் கார் தாங்கும் எல்லையோ 9 பாகை. மயிரிழையில் தப்புகிறது! இன்னொரு நன்மையும் உண்டு. சாய்வாக வரும்போது ஒரு முன்சக்கரம் முதலில் ஏறி, அந்தப் பக்கத்து பம்பரையும் தூக்கிக்கொடுக்கிறது. ஆனால், சாய்வாக ஏறுவதற்குச் சாலையில் அகலம் வேண்டும். பின்னால் மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று பார்த்த பிறகே திருப்ப வேண்டும்.

அடுத்து, பிரேக். பிரேக்கை அழுத்தும்போது காரின் எடை முன்பக்கம் மாறுகிறது; முன் ஸ்பிரிங்குகள் அமுங்கி மூக்கு தாழ்கிறது. ஆகவே சரிவில் மூக்கை நுழைத்தபடி பிரேக் போட்டால், தப்ப வேண்டிய காரும் உரசும். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விட்டு, மெல்ல உருள விடவேண்டும். காரில் ஐந்து பேர் இருந்தால் நான்கு பேரை வாசலில் இறக்கிவிடுவதும் நல்ல அறிவியல்தான். சுமை குறைந்தால் ஸ்பிரிங் நிமிரும்.

விலையுயர்ந்த கார்களில் இதற்கென்றே கருவி உண்டு. போர்ஷே 911 காரில் விருப்பத்தேர்வாகக் கிடைக்கும் கருவி, பொத்தானை அழுத்தினால் முன்பக்கத்தை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தூக்கும். 1955இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சித்ரோவன் டிஎஸ் காரோ, எண்ணெயையும் வாயுவையும் கொண்டு தன் உயரத்தையே கூட்டிக் குறைத்துக்கொண்டது.

தம்பியிடம் அந்தப் பொத்தான் இல்லை. சாய்த்து ஏற்றும் பொறுமையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சிமெண்ட் குழைத்து, சாலையோரக் கால்வாயின் வாயில் ஆப்பு வடிவில் பூசி மடிப்பை நிரப்பிவிட்டான். கணக்குப்படி அது சரிதான்: 12 பாகை மடிப்பு இரண்டு 6 பாகை மடிப்புகளாகப் பிரிந்தது. முன்பம்பர் உரசவில்லை. ஆனால், அந்த வாரமே மாலையில் இடியோடு மழை கொட்டியது. ஓட வழியில்லாத தண்ணீர் பக்கத்து வீட்டு அக்காவின் வாசலுக்குள் புகுந்து, அவர் பிள்ளைகளின் பள்ளிக் காலணிகளை மிதக்கவிட்டது. அவர் திட்டவில்லை. துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே எங்கள் வாசலைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. மறுநாளே உளியும் சுத்தியலும் எடுத்து அந்தச் சிமெண்டை உடைத்தோம்.

மடிப்பைப் பிரிப்பது சரியான வழிதான். கால்வாயை அடைப்பதுதான் தவறு. தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதையும் மறக்காதீர்கள். சரிவை மாற்ற வேண்டுமானால் வேலிக்குள் இருக்கும் சொந்தத் தளத்தில், அடியிலும் உச்சியிலும் சற்று நீளமான மென்சரிவு ஒன்றைச் சேர்க்கலாம். கால்வாய்ப் பக்கம் எதைச் செய்வதானாலும் முதலில் மாநகர் மன்றத்திடம் கேட்க வேண்டும்.

ஸ்பிரிங்கை அறுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அறுத்த ஸ்பிரிங் விறைப்பாகிவிடும். அமுங்கும் இடமும் குறையும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அது இருப்பிடத்திலிருந்து நழுவவும் கூடும். இயந்திர எண்ணெய் தங்கும் அடித்தட்டு உரசி உடைந்தால் எண்ணெய் வழிந்துவிடும். கவனிக்காமல் ஓட்டினால் இயந்திரமே இறுகி நின்றுவிடும். ஜேபிஜே அனுமதியின்றி வாகனத்தின் அமைப்பை மாற்றினால் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி நடவடிக்கையும் வரலாம்.

தம்பி இப்போது பழைய உயரத்துக்கே புதிய ஸ்பிரிங்குகளைப் போட்டுவிட்டான். வாசலில் சத்தம் இல்லை.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டு வாசல் சரிவின் கோணத்தை அளந்து பாருங்கள். வீட்டில் இருக்கும் காரின் முன்பின் சக்கர அச்சுகளுக்கு இடையேயான தூரத்தையும், வயிற்றின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். காரின் அடியில் கையை நுழைக்கும் முன், அது சமதளத்தில் நிற்கிறதா, கைப்பிரேக் போட்டிருக்கிறதா என்று பெரியவர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மேலே உள்ள கணக்கைப் போடுங்கள். அந்தக் கார் எத்தனை பாகை மடிப்பைத் தாண்டும் என்பதை, அதை ஓட்டுபவருக்கு நீங்களே சொல்லிவிடலாம்.