கோவில் வரி கட்டியாச்சா, டீச்சர்?

அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர் வேலைக்கு நேர்காணல். பி.எட். சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்காதவர்கள், பங்குச் சாமியார் கொடுத்த கடிதத்தை இரண்டு முறை படித்தார்கள் என்கிறார் போய் வந்த பெண். ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வருகிறாரா, கோவில் வரி பாக்கி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டுமாம். அல்ஜீப்ரா பற்றிப் பேச்சே எழவில்லை.

சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி பள்ளி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு தருகிறது. அதில் கை வைக்க யாரும் சொல்லவில்லை. ஆனால் சம்பளம் வருவது கருவூலத்திலிருந்து. அரசுப் பள்ளியில் மதம் பார்த்து ஆள் எடுத்தால் 16-வது பிரிவு குறுக்கே வரும், இங்கே வராது. மேற்கு வங்க மதரஸா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் ஒரு கோடு கிழித்தது. மதமும் பண்பாடும் சார்ந்த பாடமென்றால் நிர்வாகம் தன் ஆளைத் தேடலாம். கணக்கு, அறிவியல் போன்ற பொதுப் பாடமென்றால் தகுதிக்கே முதலிடம். ஆசிரியர்களைத் தேர்வாணையம் பரிந்துரைக்கும் அந்த மாநிலச் சட்டமும் செல்லும் என்றது. தனித்தன்மை போய்விடும் என்கின்றன நிர்வாகங்கள். கணக்குப் பாடத்தில் என்ன தனித்தன்மையோ!

இதில் அதிகம் அடிபடுவது வேற்று மதத்தவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். எனக்கு உறுத்துவது வேறு: தலித் கிறிஸ்தவர். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர் பட்டியல் சாதியில் வர மாட்டார். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திறந்த கதவு அவருக்கு இன்னும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர் பி.சி.; எஸ்.சி.க்கான 18 சதவீதத்தில் அவருக்கு இடமில்லை. சரி, நம் சபைப் பள்ளி இருக்கிறதே என்று வந்தால், அங்கே இட ஒதுக்கீடே கிடையாது. கடிதம் கையில் இருக்கும், கோவில் வரியும் கட்டியிருப்பார்; வேலை மட்டும் நிர்வாகக் குழுவில் ஆள் இருக்கும் சாதிக்குப் போய்விடும். "அங்கே போனா கிறிஸ்டியன்ங்கறாங்க, இங்கே வந்தா காலனிங்கறாங்க" என்றார் ஒருவர்.

சாதிச் சங்கங்கள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? அவற்றுக்கு 30-வது பிரிவும் இல்லை, நம்மிடம் கேள்வியும் இல்லை.

நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். காலியிடத்தை நாளிதழில் அறிவியுங்கள். வந்தவர்களை வகுப்பில் நிறுத்திப் பாடம் எடுக்கச் சொல்லி, போட்ட மதிப்பெண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம்.