ப்ளூடூத் டேக் பேட்டரி மாதக்கணக்கில் தாங்குவது எப்படி? பி.எல்.எல். 'லாக்' நேரத்தின் கணக்கு

சாவிக்கொத்தில் மாட்டும் ப்ளூடூத் டேக், ஒரு சின்ன காயின் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடுகிறது. காரணம், பெரும்பாலான நேரம் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அவ்வப்போது விழித்து, 'நான் இங்கே இருக்கேன்' என்று சிக்னல் அனுப்பிவிட்டு மறுபடியும் தூங்கிவிடும்.

ஆனா விழித்தவுடனே பேசிவிட முடியாது. ரேடியோ சரியான அதிர்வெண்ணில் நிலைகொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். இதுதான் 'லாக் டைம்'. அந்த நேரத்திலும் பேட்டரி கரையும்.

எவ்வளவு கரையும்?

ப்ளூடூத் லோ எனர்ஜியில் அறிவிப்பு சிக்னல் போவது 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் என மூன்று சேனல்களில். வழக்கமான அறிவிப்பு பாக்கெட் ஒன்றின் அதிகபட்ச நீளம் 376 மைக்ரோசெகண்ட். மூன்றுக்கும் சேர்த்து 1,128.

ஒவ்வொரு சேனலுக்கும் லாக் ஆக 100 மைக்ரோசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300. அதாவது, பேசும் நேரத்தில் கால் பங்குக்கும் மேல் வெறும் காத்திருப்பு! அதையே 10 மைக்ரோசெகண்டாகக் குறைத்தால், காத்திருப்பு மொத்தமே 30தான்.

பி.எல்.எல். என்ன செய்கிறது?

பி.எல்.எல். என்றால் ஃபேஸ் லாக்டு லூப். சிப்புக்கு வெளியே இருக்கும் கிரிஸ்டல் துல்லியமானது, ஆனா மெதுவானது. உதாரணமாக 40 மெகாஹெர்ட்ஸ். சிப்புக்குள் இருக்கும் ஆசிலேட்டர் 2,400 மெகாஹெர்ட்ஸைத் தாண்டும். ஆனா சூடு, வோல்டேஜ், தயாரிப்பு வித்தியாசம் எதுவானாலும் விலகிப்போகும். இரண்டையும் ஒப்பிட்டு, ஆசிலேட்டரைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் பி.எல்.எல். வேலை.

பழைய அனலாக் முறையில் இந்தத் திருத்தம் ஒரு கெபாசிட்டரில் வோல்டேஜாக இருக்கும். டிஜிட்டல் முறையில் அது வெறும் ஒரு எண். வேகப்படுத்தும் வித்தைகள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஏன் சட்டென்று லாக் ஆவதில்லை?

ஒவ்வொரு முறையும் பெரிதாகத் திருத்தினால் இலக்கை சீக்கிரம் நெருங்கலாம். ஆனா ஒப்பிடும்போது வரும் சின்னச் சின்ன பிழைகளும் சேர்ந்தே உள்ளே வரும், சிக்னல் நடுங்கும். சின்னதாகத் திருத்தினால் சிக்னல் சுத்தமாக இருக்கும், ஆனா நேரம் இழுக்கும். வேகமா, சுத்தமா என்ற இந்த இழுபறிதான் அடிப்படைச் சிக்கல்.

வேகப்படுத்தும் மூன்று வழிகள்

1. பாதியாகப் பிரித்துத் தேடுவது: ஆசிலேட்டரில் 256 படிகள் இருக்கின்றன என்போம். ஒவ்வொன்றாகத் தேடினால் 256 முயற்சி வரை ஆகலாம். நடுப்படியில் நின்று, 'மேலேயா, கீழேயா?' என்று பார்த்துப் பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் 8 முயற்சி போதும். ஒரு முயற்சிக்கு 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் 16 துடிப்பு, அதாவது 0.4 மைக்ரோசெகண்ட் என்றால், 102.4 மைக்ரோசெகண்ட் வேலை 3.2ல் முடிந்துவிடும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 0.4 மைக்ரோசெகண்ட் மட்டும் துடிப்புகளை எண்ணினால், 2.5 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைவான வித்தியாசம் சரியாகப் பிடிபடாது. நுணுக்கமான திருத்தத்தை அடுத்த கட்டம்தான் செய்ய வேண்டும்.

2. கியர் மாற்றுவது: முதலில் பெரிய திருத்தம், இலக்கை நெருங்கியதும் சின்ன திருத்தம். மாற்றும் நொடியில் அதுவரை சேர்ந்த திருத்தம் தொலைந்தால், ஆசிலேட்டர் குலுங்கி மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டியதுதான். டிஜிட்டலில் அது ஒரு எண் என்பதால், சரியாகக் கணக்கிட்டு அப்படியே அடுத்த கியருக்குக் கைமாற்றலாம்.

3. நினைவில் வைப்பது: போன முறை இந்த சேனலில் எந்த எண்ணில் லாக் ஆனதோ, அதைச் சேமித்து அங்கிருந்தே தொடங்கலாம். இடையில் சூடு மாறியிருந்தால் எண் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும். அதனால் சுற்றுவட்டாரத்தில் ஒரு சின்னத் தேடல் தேவைப்படும்.

இதில் பெங்களூரு எங்கே வருகிறது?

1985ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் பெங்களூருவில் தன் ஆராய்ச்சி மையத்தைத் திறந்தது. இங்கே இப்படி வந்த முதல் பன்னாட்டு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அதே நிறுவனத்தின் அமெரிக்கக் குழு, போக்டான் ஸ்டாஷெவ்ஸ்கி முன்னெடுப்பில், 2004ல் முழு டிஜிட்டல் பி.எல்.எல். கொண்ட ப்ளூடூத் ரேடியோவை விவரித்தது. தோராயத் தேடல், நெருங்குதல், பின்தொடர்தல் என மூன்று கட்டங்களாக அது லாக் ஆகும். கியர் மாற்றமும் அதில் உண்டு.

பெங்களூருவிலேயே 2005ல் தொடங்கிய அனலாக் டிசைன் நிறுவனம் காஸ்மிக் சர்க்யூட்ஸ். 2013ல் அதை கேடன்ஸ் வாங்கியது. இன்று இந்த ஊரில் சிப் வேலைக்குப் போகும் ஒருவருக்கு பி.எல்.எல். தெரிந்திருப்பது பெரிய பலம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை

பி.எல்.எல்.-ஐ மட்டும் வேகப்படுத்தினால் போதாது. தூக்கத்திலிருந்து எழும்போது கிரிஸ்டல் நிலைபெறவே பல நூறு மைக்ரோசெகண்ட் ஆகலாம். லாக் நேரத்தை 100லிருந்து 10க்குக் கொண்டுவந்து சந்தோஷப்படும் முன், விழித்ததிலிருந்து முதல் பிட் வெளியேறும் வரையிலான மொத்த நேரத்தை அளந்து பாருங்கள். பேட்டரிக்குத் தெரிவது அந்த மொத்தக் கணக்குதான்.